துஃபானியின் எஞ்சின் யாருடையது? இந்திய விமானப்படையின் முதல் ஜெட் விமானங்கள்: ஒரு திறனாய்வு

இந்திய விமானப்படையின் ஜெட் வரலாறு 1948 நவம்பரில் தொடங்குகிறது. பிரித்தானியாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய வாம்பயர் போர் விமானங்கள் அப்போது இந்தியா வந்தன. 7ஆம் படையணி அவற்றை முதலில் பெற்றது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பிரான்சின் ஊரகான், மிஸ்டேர், பிரித்தானியாவின் ஹண்டர், கேன்பரா, நாட் ஆகிய விமானங்களும் படையில் சேர்ந்தன. 1961இல் இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட மாருத் பறந்தது.

இந்த வரலாறு தமிழில் பெரும்பாலும் இரண்டு விதமாகவே எழுதப்படுகிறது. ஒன்று, வேகம், எடை, எண்ணிக்கை ஆகியவற்றை அடுக்கும் பட்டியல். மற்றொன்று, "ஆசியாவிலேயே முதல்" என்று தொடங்கிப் போர் வெற்றிகளில் முடியும் பெருமிதக் கதை. இரண்டிலும் தகவல் உண்டு. ஆனால் எந்த விமானம் ஏன் வந்தது, வந்தபின் நாம் என்ன கற்றுக்கொண்டோம் என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை. அந்த விடையைத் தேட, ஒவ்வொரு விமானத்தின் முன்னும் நின்று ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதன் எஞ்சின் யாருடையது?

பிரெஞ்சுக் கொடியும் பிரெஞ்சு விமானமும்

1953 ஜூனில் இந்தியா, பிரான்சின் தசோ நிறுவனத்திடம் 71 ஊரகான் விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் முதல் விமானங்கள் வந்து சேர்ந்தன. 'ஊரகான்' என்றால் பிரெஞ்சு மொழியில் சூறாவளி. இந்திய விமானப்படை அதற்கு 'துஃபானி' என்று பெயர் வைத்தது. பொருள் ஏறக்குறைய அதேதான்.

அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நகரை ஒட்டிய கதிர்காமமும் உழவர்கரைப் பகுதியின் மற்ற ஊர்களும் பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் இருந்தன. விடுதலை கோரிப் போராட்டங்கள் நடந்தன. பிரெஞ்சுப் பகுதிகளை இணைப்பது குறித்து டெல்லிக்கும் பாரிசுக்கும் இழுபறி நீடித்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவுற்றது.

புதுச்சேரிக்காக விமானம் வாங்கப்பட்டது என்றோ, விமானத்துக்காகப் புதுச்சேரி கிடைத்தது என்றோ சொல்வதற்கு இடமில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மண்ணுக்காக வாதிட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டிடமிருந்தே இந்தியா போர் விமானம் வாங்கியது. ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த அளவுக்கு வலுவாக இருந்தது. அதுவரை விமானப்படையின் போர் விமானங்களும் உதிரிபாகங்களும் பயிற்சியும் பெரும்பாலும் பிரித்தானியாவையே நம்பியிருந்தன. துஃபானி அந்தப் பிடியைத் தளர்த்தும் முயற்சி.

அந்த முயற்சி எவ்வளவு தூரம் வெற்றி பெற்றது? துஃபானியின் உடற்கூட்டைத் திறந்து பார்த்தால் விடை தெரியும். அதற்குள் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் வடிவமைத்த 'நீன்' எஞ்சின். பிரான்சின் இஸ்பானோ-சுய்சா நிறுவனம் அதை உரிமம் பெற்றுத் தயாரித்தது. கடை மாறியது, சரக்கின் மூலம் மாறவில்லை.

ஒரே எஞ்சின், பல கொடிகள்

நீன் எஞ்சினின் பயணம் அக்காலத்து ஜெட் உலகம் முழுவதையும் காட்டும். அது 1944இல் முதன்முதலாக இயக்கப்பட்டது. ஏறக்குறைய 2,270 கிலோகிராம் உந்துவிசை தந்தது. போருக்குப் பின் பிரித்தானியா அதைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது. சோவியத் பொறியாளர்கள் அதைப் பகுத்து ஆராய்ந்து, ஆர்.டி.-45 என்ற பெயரில் தாங்களே செய்தனர். அதுதான் மிக்-15 விமானத்தைப் பறக்க வைத்தது. அமெரிக்காவில் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் அதே நீனை உரிமத்துடன் தயாரித்து, கடற்படையின் பாந்தர் விமானத்துக்குக் கொடுத்தது. கொரியப் போரில் எதிரெதிர் அணிகளில் பறந்த விமானங்களுக்குள் ஒரே மூதாதையின் இதயம் துடித்தது. பாகிஸ்தான் பெற்ற முதல் ஜெட் போர் விமானமான அட்டாக்கரும் நீன் எஞ்சினில்தான் பறந்தது. அர்ஜென்டினாவுக்காக ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் உருவாக்கிய புல்கி-2 விமானத்திலும் அதே எஞ்சின். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அவர் மீண்டும் வருவார்.

எஞ்சின் ஏன் இவ்வளவு அரிதான பொருளாக இருந்தது? ஜெட் எஞ்சினின் கோட்பாடு எளிது. முன்பக்கம் காற்றை இழுத்து அமுக்க வேண்டும். அதில் எரிபொருளைக் கலந்து எரிக்க வேண்டும். விரியும் சூடான வாயு பின்பக்கம் பீறிட்டு வெளியேறும்போது, வழியில் உள்ள விசையாழியைச் சுழற்றும். அந்தச் சுழற்சியே முன்னால் உள்ள அமுக்கியை இயக்கும். பள்ளி மாணவர் ஒருவர் கரும்பலகையில் இதை வரைந்துவிடலாம். ஆனால் விசையாழியின் சிறு தகடுகள் செந்தணலாகக் காய்ந்த நிலையில், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று, நீளாமலும் வெடிக்காமலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் தாங்க வேண்டும். அது வரைபடத்தில் வருவதல்ல. உலோகவியல், வார்ப்பு, கடைசல், சோதனைக் கூடம் என்று பல தொழில்களின் நீண்ட காலப் பயிற்சியில் வருவது. ஒரு விமானத்தை முழுதாகப் பிரித்து அதன் உடற்கூட்டை அளந்து வரைந்துவிடலாம். எஞ்சினை அப்படிப் பிரித்தாலும் அதன் தகட்டுக்குள் இருக்கும் உலோகக் கலவையின் பக்குவம் கண்ணுக்குத் தெரியாது.

"ஆசியாவிலேயே முதல்" என்ற பெருமையின் விலை

வாம்பயர் 1943இல் முதன்முதலாகப் பறந்த வடிவம். விமானி அமரும் முன்பகுதி ஒட்டுப்பலகையாலும் பால்சா மரத்தாலும் ஆனது. 1948இல் அதைப் பெற்றது இந்தியாவுக்குப் பெரிய பாய்ச்சல்தான், அதில் ஐயமில்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமத்துடன் வாம்பயர்களைத் தயாரித்ததும் பயனுள்ள பயிற்சி. ஆனால் முதலில் வாங்கியவர் என்ற பெயர் நீடிக்க வேண்டுமானால், வாங்கியதை உரிய காலத்தில் மாற்றவும் வேண்டும்.

1965 செப்டம்பர் 1 அன்று மாலை சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் கவச வாகனங்கள் முன்னேறியபோது, அவற்றைத் தடுக்க அனுப்பப்பட்ட முதல் விமானங்களில் 45ஆம் படையணியின் வாம்பயர்களும் இருந்தன. எதிரே வந்தவை அமெரிக்க உதவியாகப் பாகிஸ்தான் பெற்ற சேபர் விமானங்கள். நான்கு வாம்பயர்கள் வீழ்ந்தன. அதன்பின் வாம்பயர்கள் முன்னணிப் போரிலிருந்து விலக்கப்பட்டன. பதினேழு ஆண்டுகளுக்கு முன் பெருமையாக இறங்கிய அதே வகை விமானத்தில் இளம் விமானிகள் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதை, "ஆசியாவிலேயே முதல்" என்ற வாக்கியத்துக்குக் கீழே அடுத்த வாக்கியமாக எழுதினால்தான் வரலாறு முழுமையாகும். விமானிகளின் துணிவைப் போற்றும் கட்டுரைகள், அந்தத் துணிவு ஏன் தேவைப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

மிஸ்டேர் விமானத்துக்கும் இது பொருந்தும். 1957 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட மிஸ்டேர் 4ஏ விமானங்கள் இந்தியா வந்தன. 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்ற 1ஆம் படையணியின் ஏ.பி. தேவய்யா, தம் விமானத்தைவிட மிக வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்துடன் மோதி அதை வீழ்த்தினார், தாமும் திரும்பவில்லை. அவர் என்ன செய்தார் என்பதே பல ஆண்டுகள் இங்கு தெரியாமலிருந்தது. மகாவீர் சக்கரம் 1988இல்தான் அவருக்கு வழங்கப்பட்டது.

வாங்கிய விமானங்களைப் பயன்படுத்தாமல் விட்ட கதையும் உண்டு. 1961 டிசம்பரில் கோவா நடவடிக்கையில் கேன்பராக்கள் தபோலிம் ஓடுபாதையைத் தாக்கின. ஹண்டர்கள் பாம்போலிம் வானொலி நிலையத்தைத் தாக்கின. துஃபானிகள் டையூவில் இறங்கி அடித்தன. ஓராண்டு கழியுமுன், 1962இல் சீனாவுடனான போரில், தாக்குதல் விமானங்களுக்கு உத்தரவே வரவில்லை. சரக்கு விமானங்களும் உலங்கு வானூர்திகளும் மட்டும் இமயத்தில் உழைத்தன. சீனா பதிலுக்கு இந்திய நகரங்களைத் தாக்கிவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எத்தனை விமானங்கள் இருந்தன என்ற பட்டியல் மட்டும் படைத்திறனைக் காட்டாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மாருத்: உடல் நம்முடையது, உயிர் பிறருடையது

குர்ட் டாங்க் 1956இல் பெங்களூரு வந்தார். இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற ஃபோக்க-உல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் அவர். அவருடைய சிறு குழுவும் எச்.ஏ.எல். பொறியாளர்களும் சேர்ந்து எச்.எஃப்.-24 மாருத்தை உருவாக்கினர். ஒலியைப் போல் இருமடங்கு வேகம் அதன் இலக்கு. முழு அளவு மர மிதவை விமானம் ஒன்றை முதலில் செய்து பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தை ஓட்டினார்.

திட்டமிட்டது ஓர்ஃபியஸ் 12 என்ற வலுவான எஞ்சின், பின்னெரிப்பான் கொண்டது. அது பிரித்தானியாவில் வளர்ச்சி நிலையிலேயே கைவிடப்பட்டது. அதைத் தொடர்ந்து உருவாக்கும் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. மிஞ்சியது, நாட் விமானத்துக்காக 1957இல் தொடங்கிய எச்.ஏ.எல். எஞ்சின் பிரிவில் உரிமத்துடன் தயாரான சாதாரண ஓர்ஃபியஸ். அதையே இரண்டாக மாருத்தில் பொருத்தினார்கள். இருமடங்கு ஒலிவேகத்துக்குச் செதுக்கிய உடல், ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

மாற்று எஞ்சினுக்கான தேடல் பல திசைகளில் நடந்தது. எகிப்து உருவாக்கிய இ-300 எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத் அங்கே அனுப்பப்பட்டது. அந்தத் திட்டமும் முடிவுற்றது. பெங்களூரின் எரிவாயு விசையாழி ஆய்வு நிறுவனம் ஓர்ஃபியசுக்குப் பின்னெரிப்பான் சேர்க்க முயன்றது. அத்தகைய மாருத் ஒன்றைச் சோதித்தபோது 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். முதல் மாருத்தை வானுக்கு ஏற்றியவரே, அதன் குறையைத் தீர்க்கும் முயற்சியில் மறைந்தார்.

மாருத்தைத் தோல்வி என்று ஒரே சொல்லில் எழுதுவது அநீதி. 147 விமானங்கள் கட்டப்பட்டன. மூன்று படையணிகள் அதை ஓட்டின. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தாழப் பறந்து தாக்கும் பணியைச் செவ்வனே செய்தது. ஒரு எஞ்சின் பழுதாகி, மற்றொன்றின் துணையுடன் தளம் திரும்பிய நிகழ்வுகளும் உண்டு. ஆனால் வெற்றி என்று எழுதிக் கடந்துபோவதும் ஏமாற்று. 1960களில் நிறுத்திய இடத்திலிருந்து நாம் மீண்டும் தொடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மாருத்தை வரைந்த கைகள் அடுத்த போர் விமானத்தை வரைய வாய்ப்பே பெறாமல் ஓய்வு பெற்றன. இழந்தது ஒரு விமானத்தை அல்ல, ஒரு தலைமுறையின் தேர்ச்சியை.

ஒப்பீடு: கிரேக்கம், சுவீடன், பிரான்ஸ்

இந்தியாவின் நிலையைத் தனியாகப் பார்த்தால் கடுமையாகத் தோன்றும். மற்றவர்களுடன் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

கிரேக்க விமானப்படையும் 1950களின் தொடக்கத்தில்தான் ஜெட் யுகத்துக்கு வந்தது. 1952இல் நேட்டோவில் சேர்ந்த அந்நாட்டுக்கு, டி-33 பயிற்சி விமானங்களும் எஃப்-84 தண்டர்ஜெட் போர் விமானங்களும் அமெரிக்க உதவியாக வந்தன. செலவு குறைவு, வரவு விரைவு. ஆனால் எதை, எப்போது, எத்தனை என்பதில் கூட்டணியின் முடிவே முக்கியமானது. இந்தியா காசு கொடுத்து வாங்கியதால் தேர்வு செய்யும் உரிமை இந்தியாவிடம் இருந்தது. இது சிறிய வேறுபாடு அல்ல.

சுவீடன் தன் டுனான் விமானத்துக்குப் பிரித்தானியாவின் கோஸ்ட் எஞ்சினைத்தான் உரிமம் பெற்றுச் செய்தது. அந்த வகையில் நம்மைப் போலவே. ஆனால் அதற்கான பின்னெரிப்பானைத் தானே உருவாக்கிப் பொருத்தியது. பிறர் கொடுத்த எஞ்சினில் தன் கையால் ஒரு படி ஏறியது.

நமக்கு மிகவும் உறைக்க வேண்டிய ஒப்பீடு பிரான்ஸ். 1953இல் பிரான்சும் இந்தியாவும் ஒரே ஊரகானை, அதே நீன் எஞ்சினுடன் ஓட்டிக்கொண்டிருந்தன. போரில் நொறுங்கிய நாடு அது. ஆனால் 1945லேயே ஸ்னெக்மா என்ற அரசு எஞ்சின் நிறுவனத்தை நிறுவியிருந்தது. ஜெர்மானியப் பொறியாளர்களின் துணையுடன் 'அதார்' எஞ்சினை உருவாக்கி, ஆண்டுதோறும் திருத்தி, மிராஜ் 3 விமானத்தில் பொருத்தியது. அதன் வழித்தோன்றலாக எம்-53 எஞ்சின் வந்தது. மிராஜ் 2000 விமானம் அதில்தான் பறக்கிறது. பிறகு எம்-88; ரஃபேல் விமானம் அதில் பறக்கிறது. இந்தியா 1980களில் மிராஜ் 2000ஐ வாங்கியது. 2020 ஜூலையில் முதல் ரஃபேல்கள் அம்பாலாவில் இறங்கின. ஒரே படிக்கட்டில் ஒரே ஆண்டில் நின்ற இருவரில் ஒருவர் ஏறிப்போய் விற்பவர் ஆனார். மற்றவர் வாங்குபவராகவே நீடித்தார்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. விடுதலை பெற்ற ஏழை நாட்டுக்குச் சோறும் பள்ளியும் முதலில் தேவைப்பட்டன. எஞ்சின் ஆராய்ச்சிக்குக் கொட்டப் பணம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் செலவு மிச்சமாகவில்லை என்பதே பதில். ஓர்ஃபியஸ் 12க்குக் கொடுக்க மறுத்த பணத்தைவிடப் பல மடங்கு, பின்னர் அயல்நாட்டு விமானங்களுக்கும் எஞ்சின்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

பழுது பார்ப்பது, செய்வது, படைப்பது

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பது முதல் நிலை. உரிமம் பெற்று, கொடுத்த வரைபடத்தின்படி தயாரிப்பது இரண்டாம் நிலை. புதிதாக வடிவமைப்பது மூன்றாம் நிலை. இந்தியா முதல் இரண்டிலும் உண்மையாகவே தேர்ந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், பயிற்சியாளராக எச்.ஏ.எல். சென்றபோது எஞ்சின்களைப் பிரித்துச் சீரமைக்கும் பணியில்தான் ஈடுபட்டார். பின்னர் மிக்-21 ஒப்பந்தத்தின்படி ஒடிசாவின் கோராபுட்டில் எஞ்சின் தொழிற்சாலையே எழுந்தது. நாட் விமானத்தின் குறைகளைத் திருத்தி 'அஜீத்' என்ற மேம்பட்ட வடிவத்தையும் எச்.ஏ.எல். செய்தது. மூன்றாம் நிலைக்கு மட்டும் படி கட்டப்படவில்லை. இரண்டாம் நிலையில் தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக, மூன்றாம் நிலையை அடைந்துவிட்டோம் என்ற மயக்கமும் கூடவே வளர்ந்தது.

சூலூரில் தொடரும் கதை

இது பழங்கதை அல்ல என்பதற்குக் கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளமே சான்று. தேஜஸ் விமானத்தைப் பெற்ற முதல் படையணி 2018இல் பெங்களூரிலிருந்து அங்கே இடம் மாறியது. அது 45ஆம் படையணி. சம்ப் வானில் வாம்பயர்களை இழந்த அதே அணி. 2020இல் சூலூரில் தேஜஸ் பெற்ற இரண்டாவது அணி 18ஆம் படையணி. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காக்க நாட் விமானத்தில் தனியாகப் போராடி மடிந்து, பரம வீர சக்கரம் பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் அந்த அணியைச் சேர்ந்தவர்.

இரு அணிகளும் இன்று இந்தியா வடிவமைத்த விமானத்தை ஓட்டுகின்றன. வாம்பயரிலிருந்து பார்த்தால் இது நெடுந்தூரம். அதை மறுப்பது திறனாய்வு அல்ல, மனக்கசப்பு. ஆனால் தேஜசின் எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404. அதற்கென 1980களில் தொடங்கிய காவேரி எஞ்சின் உரிய உந்துவிசையை எட்டாததால் 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேம்பட்ட தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் படைக்கு வருவது தள்ளிப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்காவிலிருந்து எஞ்சின்கள் தாமதமானது. மாருத்துக்கு நேர்ந்தது வேறு வடிவில் மீண்டும் நேர்கிறது.

மதிப்பீடு

முதல் ஜெட் விமானங்களை இந்தியா வாங்கிய விதத்தில் அரசியல் தெளிவு இருந்தது. ஒரு நாட்டின் பிடியில் சிக்காமல், பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என்று வாய்ப்புகளைப் பரப்பிக்கொண்டது. இது பாராட்டத்தக்கது. விமானிகள் தமக்குக் கிடைத்த விமானத்தைக் கொண்டு, அதன் தகுதிக்கு மேல் செய்தார்கள். தொழிற்சாலைகளும் உழைத்தன. குறை ஓரிடத்தில்தான்: விற்பவர் பலராக இருந்தால் அதுவே தற்சார்பு என்று எண்ணிவிட்டோம். பத்துக் கிணற்றில் நீர் இறைப்பவருக்கும் சொந்தக் கிணறு இல்லாமல் இருக்கலாம்.

கதிர்காமத்திலோ கோவையிலோ இருந்து இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவர், படைத்தளங்களின் வாயிலிலும் கல்லூரி வளாகங்களிலும் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய ஜெட் விமானம் ஒன்றைப் பார்க்க நேரலாம். பெயர்ப்பலகையில் வேகமும் நீளமும் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு விமானத்தின் பின்பக்கம் போய், புகைபோக்கி போன்ற அந்தத் துளைக்குள் எட்டிப் பார்க்கட்டும். பெரும்பாலும் உள்ளே எஞ்சினைக் கழற்றி எடுத்திருப்பார்கள். வெறும் குழாய்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புவதே இந்த வரலாறு அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் வேலை.